கிட்டாருக்கு லாக்கர் அடிக்கும்போது தின்னர் எவ்வளவு கலப்பது?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான். மகோகனி மரத்தில் சொந்தமாகச் செய்த எலக்ட்ரிக் கிட்டார். சென்னையில் மொட்டைமாடியில் வைத்து, மரத்துக்குப் பளபளப்பான மேற்பூச்சாகும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரையும், அதை இளக்கும் தின்னரையும் சரிக்குச் சரி கலந்து, வாடகைக்கு எடுத்த கம்ப்ரஸரில் அடித்திருக்கிறார். முன்பக்கம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. பின்பக்கம் அங்கங்கே வெள்ளையாகப் பூத்துவிட்டது. விகிதம் தப்பா, எத்தனைக்கு எத்தனை கலக்க வேண்டும், இதைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில்: சுரண்ட வேண்டாம். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் பெரிய வசதியே அடுத்த கோட் அடிக்கும்போது முந்தைய கோட் கரைந்து அதோடு ஒன்றாகிவிடுவதுதான். இரண்டு கோளாறையும் அதே படலத்தின் மேலேயே சரிசெய்யலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

விகிதத்தைப் பொறுத்தவரை, ஒன்றுக்கு ஒன்று தொடங்குவதற்கு நல்ல அளவு. அதில் தப்பில்லை. ஆனால் அதே டப்பா, அதே தின்னர், அதே விகிதம் மாசியில் வழவழவென்று படியும், ஐப்பசியில் வெளுக்கும். தின்னர் மரத்தில் தங்கப்போகிற பொருள் கிடையாது. லாக்கரை ஸ்ப்ரே கன்னிலிருந்து மரம் வரை கொண்டுவந்து, பரவ நேரம் கொடுத்துவிட்டு, முழுக்க ஆவியாகிப் போய்விட வேண்டும். எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதைவிட, ஊற்றியது எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைப் பாருங்கள். உங்கள் இரண்டு தொல்லைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

கடைகளில் வெறும் 'என்சி தின்னர்' என்று விற்பது ஒரே திரவம் இல்லை, கலவை. அசிட்டோன், எத்தில் அசிடேட் போன்ற வேகமாக ஓடுபவை (கொதிநிலை 56, 77 டிகிரி), டொலுயீன் மாதிரி நடுத்தரம் (111), பியூட்டைல் அசிடேட் போன்ற மெதுவானவை (126), இவற்றோடு ஏதாவது ஓர் ஆல்கஹால். இதில் நைட்ரோசெல்லுலோஸை உண்மையில் கரைப்பவை அசிட்டோனும் அசிடேட்டுகளும்தான். டொலுயீன் தனியாக அதைக் கரைக்காது. விலையைக் குறைக்கவும் கலவையில் உள்ள மற்ற பிசின்களைக் கரைக்கவும் சேர்ப்பது. மலிவுத் தின்னர்களில் டொலுயீன் வகை அதிகமாகவும் அசிடேட்டுகள் குறைவாகவும் இருக்கும். அசிடேட் முதலில் ஆவியாகிப் போனால், மிச்சமிருக்கும் திரவத்தில் நைட்ரோசெல்லுலோஸ் கரைந்திருக்க முடியாமல் திரிந்து வெள்ளையாக நிற்கும். பார்க்க ஈரத்தால் வந்த வெள்ளை மாதிரியே இருக்கும், ஆனால் எவ்வளவு வெயிலில் வைத்தாலும் போகாது. டப்பாவில் பெயரே இல்லாமல் லிட்டர் கணக்கில் ஊற்றித் தரும் தின்னர் பிரஷ் கழுவ மட்டும் சரி. லாக்கர் வாங்கிய கம்பெனியின் தின்னரையே வாங்குங்கள். சென்னைக் கம்பெனியான ஷீன்லாக்கும் சரி, ஏஷியன் பெயின்ட்ஸும் சரி, மரத்துக்கான லாக்கருக்கு ஏற்ற தின்னரையும் விற்கிறார்கள். ஐம்பது, நூறு மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாத வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. பியூ (பாலியூரித்தேன்) தின்னரும் என்சி தின்னரும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. என்சி தின்னரில் இருக்கும் ஆல்கஹால், பியூவின் ஹார்ட்னரோடு வினைபுரிந்து அதைக் கெடுத்துவிடும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்வார். புன்னகைத்துவிட்டு டப்பாவின் லேபிளைப் படியுங்கள்.

இப்போது வெள்ளைப் பூப்பு. ஆவியாகிற திரவம் மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கையில் தின்னர் பட்டால் சில்லென்று இருப்பது அதனால்தான். கிட்டாரின் மேல்பரப்பும் அப்படியே சில நிமிடங்களுக்குக் குளிரும். காற்றின் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வையுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) ஏறக்குறைய 26 டிகிரி. மேல்பரப்பு நாலே டிகிரி குளிர்ந்தால் போதும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியத் தொடங்கும். அந்த நீர் லாக்கருக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரியும். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் பனிநிலை 18-ஐ ஒட்டி இறங்கிவிடும். பன்னிரண்டு டிகிரி குளிர்ந்தால்தான் ஆபத்து. ஆக, வெயில் அடிக்கிறதா என்பது கேள்வியே இல்லை. ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்த வேலைக்கு ஸ்ப்ரே கன்னுக்கு அடுத்தபடி அதைத்தான் வாங்கச் சொல்வேன். 65-க்கு மேல் காட்டினால் அன்றைக்கு உப்புத்தாள் வேலை பாருங்கள்.

சென்னையில் நேரம் பார்ப்பது கொஞ்சம் சூட்சுமம். அதிகாலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இறங்கும். நண்பகலுக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்ததும் மறுபடி ஏறும். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான் கடலோரத்துக்கு நல்ல நேரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தொடவே வேண்டாம். தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை அருமை. கோவையில் ஈரம் அவ்வளவு தொல்லை தராது, ஆனால் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தூசியோடு வரும். அங்கே அந்த மாதங்களில் வெளியில் அடித்தால் லாக்கரில் தூசி ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவசரமாக அடித்தே ஆக வேண்டும் என்றால் ரிடார்டர் இருக்கிறது. பெயிண்ட் கடையில் 'ஆன்டிசில்' என்று கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். பெரும்பாலும் பியூட்டைல் செல்லோசால்வ் போன்ற மெதுவாக ஆவியாகும் கரைப்பான்தான், கொதிநிலை 171 டிகிரி. கலவை முழுவதும் சேர்ந்து ஓடாமல் கொஞ்சம் தங்கி நிற்கும், மேல்பரப்பு அவ்வளவு குளிராது, லாக்கருக்குப் பரவ நேரமும் கிடைக்கும். கலந்து வைத்த லாக்கரில் 5 விழுக்காடு போதும். 10-க்கு மேல் போகாதீர்கள். போனால் வாரக்கணக்கில் காயாது, நகம் பட்டால் பதியும், ஒழுக்கும் விழும்.

ரிடார்டர் கோடையிலும் கைகொடுக்கும். உங்கள் கிட்டாரின் முன்பக்கச் சொரசொரப்புக்கு ஈரத்தோடு சம்பந்தமில்லை. துளிகள் காற்றில் வரும்போதே பாதி காய்ந்துவிட்டன, விழுந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டன. இதற்குக் காரணம் மூன்று: கலவை கெட்டியாக இருந்தது, கன் தள்ளி இருந்தது, அல்லது வெயிலில் சூடான மரத்தின்மேல் அடித்தீர்கள். மொட்டைமாடி என்பதால் மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். கிட்டாரை நிழலில் வைத்து, கை வைத்தால் வெதுவெதுப்பாகக்கூட இல்லாதபோது அடியுங்கள். சூடான மரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல்தோல் முதலில் காய்ந்துவிடும், கீழிருந்து வரும் ஆவி அதைத் தள்ளிக்கொண்டு குட்டிக் குட்டிக் குமிழாக வெடிக்கும்.

சரி, கலவைக்கு வருவோம். லாக்கரைக் குலுக்காதீர்கள், குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். குலுக்கினால் காற்றுக்குமிழ் உள்ளே போகும். மூடியில்லாத கண்ணாடி டம்ளரில் ஒரு பங்கு லாக்கர், ஒரு பங்கு தின்னர். கலவை எவ்வளவு கெட்டி என்று அளக்கச் சரியான வழி விஸ்காசிட்டி கப். நம் ஊரில் பி4 கப் என்பார்கள். கப்பை விளிம்பு வரை நிரப்பி, அடியில் உள்ள ஓட்டையைத் திறந்து, ஒழுக்கு அறுபடும் வரை எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். கிட்டாருக்கு 18 முதல் 22 வினாடி சரியாக வரும். கப் இல்லையென்றால் கலக்குகிற குச்சியைத் தூக்கிப் பாருங்கள். ஒரே நூலாக இறங்கி, கொஞ்ச நேரத்தில் சொட்டுச் சொட்டாக உடைந்தால் சரி. நூல் அறுபடாமல் நீளமாக இழுத்தால் இன்னும் தின்னர் வேண்டும். பசும்பால் அளவு ஓட்டம் இருக்க வேண்டும் என்பதே நான் மனதில் வைத்திருக்கும் கணக்கு. கடைசியில் இதை வடிகட்டியே ஸ்ப்ரே கன்னின் கப்பில் ஊற்றுங்கள். பெயிண்ட் வடிகட்டும் காகிதக் கூம்பு நல்லது. பழைய மஸ்லின் துணியும் ஓடும், நூல் பிரியாமல் இருந்தால்.

தின்னர் கூடினால் படலம் கெட்டுப்போகாது, மெலிதாகும். அவ்வளவுதான். மரத்துக்கான என்சி லாக்கரில் திடப்பொருள் எடைக்கு 20 முதல் 30 விழுக்காடுதான் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று கலந்தபின் கனஅளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மரத்தில் தங்கும். ஈரமாக 75 மைக்ரான் அடித்தால், காய்ந்தபின் ஏழெட்டு மைக்ரான். நல்ல கிட்டாரில் பாலிஷ் முடிந்த லாக்கர் படலம் 0.1 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும். அதனால்தான் பத்துப் பன்னிரண்டு கோட் வேண்டும் என்கிறார்கள். இரண்டு கெட்டிக் கோட்டில் அந்தத் தடிமனைக் கொண்டுவரலாமே என்று தோன்றும். கூடாது. உள்ளே மாட்டிய தின்னர் மாதக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும், படலம் சுருங்கிக்கொண்டே இருக்கும், மகோகனியின் ஒவ்வொரு துளையும் மேலே கோடாகத் தெரியும்.

துளை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மகோகனி, ரோஸ்வுட், ஆஷ் எல்லாம் திறந்த துளையுள்ள மரங்கள். லாக்கர் மட்டும் அவற்றை நிரப்பாது. மர ரேகைக்குக் குறுக்கே வுட் ஃபில்லரைத் தேய்த்து, காய்ந்ததும் உப்புத்தாளால் மரம் வரை தேய்த்து, அப்புறம்தான் லாக்கருக்கு அடிப்பூச்சான சாண்டிங் சீலர். மேப்பிளுக்கும் ஆல்டருக்கும் இந்த வேலை இல்லை. சீலரை ஒன்றிரண்டு கோட்டோடு நிறுத்துங்கள். அதில் எளிதாகத் தேய்ப்பதற்காக ஸ்டியரேட் கலந்திருக்கும், அதிகமானால் படலம் மெத்தென்றும் மங்கலாகவும் ஆகிவிடும். ரோஸ்வுட்டின் எண்ணெய் மேலே கசியும், அதற்கு மெழுகெடுத்த அரக்கு மெல்லியதாக ஒரு கை பூசிவிட்டால் தடுத்துவிடும்.

கன்னில் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில், மேலே கப் உள்ள வகை. கம்ப்ரஸர் பெரியதாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் காற்றில் வரும் தண்ணீரைப் பிடிக்கும் ஃபில்டர் கட்டாயம். வாடகைக் கம்ப்ரஸரின் டேங்க்கில் அடியில் ஒரு திருகு இருக்கும், வேலைக்கு முன் அதைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அதில் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தாலும் ஆச்சரியமில்லை. சாதாரண கன் என்றால் 35 முதல் 40 பிஎஸ்ஐ, எச்விஎல்பி (குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றுவிடும் கன்) என்றால் 25-க்கும் 30-க்கும் இடையில். கிட்டாரைத் தொடுவதற்கு முன் பழைய டைல் துண்டிலோ கருப்புக் கண்ணாடியிலோ அடித்துப் பாருங்கள். வழுக்கிப் பளபளப்பாக நின்றால் காற்றும் லாக்கரும் சரி.

கன்னுக்கும் மரத்துக்கும் ஒரு சாண் தூரம், 15-லிருந்து 20 சென்டிமீட்டர். மணிக்கட்டைத் திருப்பாதீர்கள். கை முழுதாக மரத்துக்கு இணையாகப் போக வேண்டும். கிட்டாருக்கு வெளியில் விசையை அழுத்தி, குறுக்கே போய், வெளியில்தான் விட வேண்டும். அடுத்த வரிசை முந்தையதில் பாதியை மூட வேண்டும். வெளிச்சத்தைச் சாய்வாக வைத்துக்கொண்டு, லாக்கர் விழும் இடத்தைப் பாருங்கள், கன்னைப் பார்க்காதீர்கள். விழுந்த ஈரம் ஒரே தாளாக மினுங்க வேண்டும். சிறு புள்ளிகளாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். அலையடித்தால் ஒழுகப்போகிறது, வேகமாகப் போங்கள். முதலில் பக்கவாட்டு, பிறகு பின், கடைசியில் முன்.

முதல் கோட் பனி மாதிரி மெல்லியது. அடுத்தவை முழு ஈரம். இரண்டு மணி இடைவெளியில் ஒரு நாளைக்கு மூன்று கோட், அதற்கு மேல் வேண்டாம். மூன்று கோட் ஆனதும் ஓர் இரவு விட்டு, 320 எண் உப்புத்தாளால் மேடுகளை மட்டும் தட்டையாக்குங்கள். ஓரங்களில் கை வைக்காதீர்கள். ஓரத்தில்தான் படலம் மிக மெல்லியது, ஒரே தேய்ப்பில் மரம் தெரிந்துவிடும். நிறம் பூசியிருந்தால் அந்த இடத்தை மறைப்பது பெரும் பாடு. கைப்பிடியின் பின்புறத்துக்கு உடலில் அடித்ததில் பாதி போதும். பொதுவாக என் விருப்பம், அங்கே பளபளப்பை எடுத்துவிட்டு மங்கலாக விடுவது. வாசிக்கும் கை ஒட்டாது.

கேட்ட கோளாறுகளுக்கு இப்போது. வெள்ளைப் பூப்பு: ஈரப்பதம் குறைந்த நாளில் அடுத்த கோட்டில் ரிடார்டர் சேர்த்து அடியுங்கள். கீழே உள்ளதும் கரைந்து ஈரம் வெளியேறிவிடும். பெரும்பாலும் அதுவே போதும். சொரசொரப்பு: 400 தாளில் சோப்புத் தண்ணீர் தொட்டு மேடுகளை அடக்குங்கள். துடைத்துக் காயவைத்து, மெல்லிய கலவையில் மேலே இரண்டு கோட். எங்காவது ஒழுகியிருந்தால், ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள். மறுநாள் ஷேவிங் பிளேடின் இரு முனைகளிலும் செல்லோடேப் ஒட்டுங்கள், நடுவில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். கொஞ்சம் வளைத்துப் பிடித்து ஒழுக்கின் மேல் இழுத்தால், டேப் சுற்றிலும் உள்ள படலத்தைத் தொடாமல் மேட்டை மட்டும் சீவிக்கொண்டு வரும். சின்னச் சின்ன வட்டப் பள்ளங்களாக விழுந்தால் அது சிலிக்கோன். கார் பாலிஷ் ஸ்ப்ரேயோ சிலிக்கோன் கலந்த லூப்ரிகன்ட்டோ அந்தப் பக்கம் யாரோ அடித்திருப்பார்கள். தின்னரால் துடைத்து, மெல்லிய பனிக் கோட்டுகளாக மூடப் பார்க்கலாம். அதற்குமேல் அடங்காவிட்டால் தேய்த்தெடுப்பதுதான் வழி.

பாதுகாப்பைக் கடைசியில் சொல்வது வழக்கம், ஆனால் இதில் விளையாட்டில்லை. தின்னரின் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். பக்கத்து அறையில் பூஜை விளக்கு எரிந்தாலும், கேஸ் அடுப்பின் பைலட் சுடர் இருந்தாலும், சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனின் மோட்டாரில் பொறி பறந்தாலும் போதும். சுவரிலும் ஃபேனிலும் படிகிற காய்ந்த நைட்ரோ தூளும் படபடவென்று எரியும். அதைச் சுரண்டிக் குவித்து வைக்காதீர்கள். முகத்துக்கு துணி மாஸ்க்கோ என்95-ஓ ஆவியைத் தடுக்காது. கார்பன் கேட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும். மாஸ்க் போட்டும் வாசனை வந்தால் கேட்ரிட்ஜ் முடிந்துவிட்டது என்று பொருள். அப்புறம், காற்று வீசும் பக்கம் யாருடைய துணி காய்கிறது என்று பாருங்கள். அண்டை வீட்டு வெள்ளைச் சட்டையில் லாக்கர் தூள் விழுந்தால் அந்தச் சண்டைக்கு ரிடார்டர் கிடையாது.

கம்ப்ரஸர், கன் எல்லாம் வேண்டாம், ஸ்ப்ரே கேன் போதுமா என்றும் சிலர் கேட்பார்கள். நம் கடைகளில் கிடைக்கும் கிளியர் கேன்கள் பெரும்பாலும் அக்ரிலிக். அது தாழ்ந்த பொருள் இல்லை. டூபான்ட் கம்பெனி 1923-இல் டூக்கோ என்ற நைட்ரோ லாக்கரைக் கார்களுக்குக் கொண்டுவந்தது, கிட்டார் செய்பவர்களும் அந்தப் பத்தாண்டிலேயே வார்னிஷிலிருந்து லாக்கருக்கு மாறினார்கள். பின்னால் ஃபெண்டர் கம்பெனியின் பெயர்பெற்ற பல வண்ணங்கள் கார் நிறங்களிலிருந்தே வந்தவை, அவற்றில் சில டூபான்ட்டின் அக்ரிலிக் லாக்கர்கள். லேக் பிளாசிட் ப்ளூ என்ற நீலம் 1958 கேடிலாக் காருக்கான நிறம். ஆக, நைட்ரோவில்தான் கிட்டார் பாடும் என்ற நம்பிக்கையை நான் வாங்குவதில்லை. கனமான எலக்ட்ரிக் உடலில் லாக்கரின் வகையால் ஒலி மாறுவதைக் காதால் பிரித்தறிய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அகௌஸ்டிக்கின் மெல்லிய முன்பலகையில் தடிமன் முக்கியம், அங்கே லாக்கரை எவ்வளவு குறைவாக அடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. நைட்ரோவை நான் விரும்புவது, பழுதுபார்ப்பது எளிது என்பதற்காக.

கடைசிக் கோட் முடிந்தபின் ஒன்றும் செய்யாதீர்கள். மூன்று நான்கு வாரம் தொங்கவிடுங்கள். போதுமா என்று தெரிய மூக்கை உடலோடு வைத்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை துளியும் வரக்கூடாது. பிறகு 800 வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000, 1200, 1500, 2000 என்று போய், ரப்பிங் காம்பவுண்டும் மென்மையான துணியும். ஸ்க்ரூ ஓட்டைகளுக்குள் தண்ணீர் போகாமல் மெழுகு வைத்து அடையுங்கள். மரம் உப்பினால் ஓட்டையைச் சுற்றி லாக்கர் வெடிக்கும்.

கட்டி முடித்ததும் கிட்டார் ஸ்டாண்டின் ரப்பர் கையைப் பருத்தித் துணியால் சுற்றிவிட்டு வையுங்கள். மலிவு ரப்பரிலும் வினைலிலும் உள்ள பிளாஸ்டிசைசர் (மென்மையாக்கும் பொருள்) நைட்ரோவை மெதுவாகக் கரைக்கும், ஒரே கோடைக்குள் கழுத்தில் நிரந்தரத் தடம் விழுந்துவிடும்.